ருசிக்கு நாலு, கணக்குக்கு நாலரை

எட்டு மாதமாக ஒரே வீட்டுப் பேக்கரியில் வாங்கித் தின்றுவிட்டு ஒரு விமர்சனம்கூட எழுதவில்லையே என்று வீட்டில் குத்திக்காட்டிக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் இது. பெயர் போடப் போவதில்லை. ஒரு பெண் தன் வீட்டுச் சமையலறையில் ஒற்றை ஓவனை வைத்துக்கொண்டு நடத்துகிறார், வாரத்தில் மூன்று நாள் உதவிக்கு ஒருவர் வருகிறார், அவ்வளவுதான் கடை. நான் சொல்லும் குறையைப் படித்துவிட்டு யாராவது அவரிடம் சண்டைக்குப் போனால் எனக்குத்தான் ரொட்டி போய்விடும். விற்பதில் ஒரு பங்கைச் சமூக நீதிக்காக வேலை செய்யும் குழுக்களுக்குக் கொடுக்கிறார் என்பதால்தான் முதலில் அங்கே போனேன்.

ஆனால் ருசியில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். நல்ல காரியத்துக்கு என்று சொல்லி விற்றால் நம் நாக்கு தானாகவே சலுகை கொடுக்க ஆரம்பித்துவிடுகிறது. காய்ந்துபோன கேக்கைக்கூட "பரவாயில்ல, பாவம்" என்று மென்று விழுங்கிவிட்டு, அடுத்த மாதம் அந்தப் பக்கமே போக மாட்டோம். பரிதாபப்பட்டு வாங்குகிறவன் ஒரு தடவைதான் வாங்குவான்.

பிரவுனி பிரமாதம். மேலே தாள் மாதிரி மெல்லிய பொருக்கு, கத்தி வைத்ததும் நொறுங்குகிறது, உள்ளே பிசுபிசுவென்று ஈரம். முட்டையும் சர்க்கரையும் நன்றாகக் கரையும்வரை அடித்தால்தான் அந்தப் பொருக்கு வரும், சோம்பேறித்தனம் பண்ணினால் வராது. எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட அது தவறவில்லை. சவர்டோ ரொட்டி, அதாவது இயற்கையாகப் புளிக்க வைத்த மாவில் சுடுவது, அப்படி இல்லை. முதல் இரண்டு மாதம் சொதப்பல் என்றே சொல்வேன். பையைத் திறந்தால் மொறுமொறுவென்று இருக்க வேண்டிய ஓடு ஈரத்துணி மாதிரி தொய்ந்து கிடக்கும். சூடு ஆறுவதற்குள் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டியிருக்கிறார், நீராவி வெளியே போக வழியில்லாமல் ஓட்டிலேயே படிந்துவிட்டது. சொன்னதும், "அவசரத்துல கட்டிட்டேங்க, மன்னிச்சுக்கோங்க, அடுத்த வாரம் பாருங்க" என்று பதில் வந்தது. அடுத்த வாரம் காகிதப் பை, ஓடு தட்டினால் சத்தம் வந்தது. அடி கருகும் பிரச்சினை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் இழுத்தது. டயல் ஒரு சூட்டைக் காட்டும், உள்ளே வேறு சூடு இருக்கும், வீட்டு ஓவன்கள் பலவற்றுக்கு இந்த வியாதி உண்டு. உள்ளே வைக்கிற சின்ன தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிய பிறகு அதுவும் சரியானது.

இப்போது கணக்கு. ஆரம்பத்தில் "லாபத்தில் இருபது சதவீதம் நன்கொடை" என்று போட்டிருந்தார். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் வீட்டுப் பேக்கரியில் லாபம் என்றால் எது? மாவு, வெண்ணெய், மின்சாரம், டப்பா, போக்குவரத்து எல்லாம் கழித்து, விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து உருட்டிய தன் உழைப்புக்கும் ஒரு கூலி போட்டுப் பார்த்தால் பல மாதங்களில் மிச்சமே இருக்காது. இல்லாத லாபத்தில் இருபது சதவீதம் என்பதும் பூஜ்யம்தான். இதை நான் கொஞ்சம் கடுமையாகவே எழுதி அனுப்பினேன். இரண்டு வாரம் பதிலே இல்லை, கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். அப்புறம் விலைப்பட்டியலே மாறி வந்தது. இப்போது ஒவ்வொரு பொருளுக்கும் நேராக, அதில் எவ்வளவு நன்கொடைக்குப் போகிறது என்று எண்ணாகவே இருக்கிறது. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் அது போய்விடும். மாதக் கடைசியில் எத்தனை ரொட்டி, எத்தனை கேக், மொத்தம் எவ்வளவு, ரசீது இதோ என்று ஒரு படம் போடுகிறார். உதவிக்கு வருபவரின் சம்பளமும் அந்தக் கணக்கில் தனி வரியாக இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அந்த வரிதான். ஊருக்கு நியாயம் பேசிவிட்டு அடுப்படியில் இருப்பவருக்குக் கூலி குறைத்தால் அது என்ன நியாயம்?

இந்தக் காலாண்டில் பணம் போவது வீட்டு வேலை செய்பவர்களின் சம்பளப் பாக்கிக்காக வழக்கு நடத்தும் ஒரு சட்ட உதவிக் குழுவுக்கு. உலகத்தில் ஏழரைக் கோடிக்கும் மேற்பட்டவர்கள் செய்யும் வேலை அது, அவர்களுக்கென்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு தனி உடன்படிக்கை கொண்டுவந்ததே 2011இல்தான். இதெல்லாம் டப்பாவோடு வரும் அட்டையில் படித்தது. ஆமாம், ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு அட்டை வைக்கிறார். அதில் ஒன்று ஜார்ஜியா கில்மோரைப் பற்றியது, அதை நான் இன்னும் எடுத்து வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் மாண்ட்கோமெரி நகரத்தில், பேருந்துகளில் கறுப்பின மக்களைப் பிரித்து உட்கார வைத்ததை எதிர்த்து, 1955 டிசம்பரில் தொடங்கி 381 நாள் நடந்த பேருந்துப் புறக்கணிப்புக்கு, தன்னோடு சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு, கேக்கும் 'பை' என்ற இனிப்புப் பலகாரமும் சாப்பாடும் செய்து விற்றுப் பணம் சேர்த்துக் கொடுத்தவர். பேருந்தில் ஏறாதவர்களை ஏற்றிச் சென்ற கார்களுக்கு அந்தப் பணம் உதவியது. பணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் "எங்கிருந்தும் இல்லை" என்பதுதான் பதில், குழுவின் பெயரே அதுதான். பெயர் தெரிந்தால் வாங்கியவருக்கும் செய்தவருக்கும் வேலை போகும். நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன பிறகு அவருக்குச் சமையல் வேலை போகவே செய்தது, அதன் பின் வீட்டிலேயே சமைத்து விற்றுப் பிழைத்தார்.

இதைப் படித்த பிறகுதான் நம் பேக்கரிக்காரர் வாங்கியவர்களின் பெயரையோ படத்தையோ ஏன் எங்கேயும் போடுவதில்லை என்று புரிந்தது. எல்லாரும் வாடிக்கையாளர் படத்தைப் போட்டு விளம்பரம் தேடும் காலத்தில் இவர் கேட்காமல் ஒரு கையைக்கூடப் படம் எடுப்பதில்லை. பணத்தின் கணக்கு திறந்து கிடக்கிறது, கொடுத்தவர் பெயர் மூடி இருக்கிறது.

எல்லா அட்டையும் எல்லா நேரத்துக்கும் பொருந்தாது, அதையும் சொல்லிவிடுகிறேன். என் பெண்ணின் எட்டாவது பிறந்தநாளுக்குச் சாக்லேட் கேக் வாங்கினோம். டப்பாவைத் திறந்ததும் அவள் கண்ணில் பட்டது கோகோ தோட்டங்களில் வேலை செய்யும் குழந்தைகளைப் பற்றிய அட்டை. உலகக் கோகோவில் பாதிக்கும் மேல் ஐவரி கோஸ்ட், கானா இரண்டு நாடுகளில் இருந்தே வருகிறது, 2001இல் சாக்லேட் கம்பெனிகள் குழந்தைத் தொழிலின் மிக மோசமான வகைகளை ஒழிப்பதாகக் கொடுத்த வாக்கு கெடு தாண்டிக் கெடுவாகத் தள்ளிப் போனது என்று இருந்ததை, பத்துக் குழந்தைகள் சுற்றி நிற்க எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள். படித்துவிட்டு, "அப்பா, அப்ப இந்தக் கேக்குல இருக்கிறது யாரு பறிச்சது?" என்றாள். மெழுகுவர்த்தி உருகிக்கொண்டிருந்தது, என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் அதே கேள்வியை நான் பேக்கரிக்காரரிடம் கேட்டேன். "நியாய வணிகச் சான்று உள்ள சாக்லேட்" (விளைவிப்பவருக்கு நியாய விலை, குழந்தைத் தொழில் கூடாது போன்ற விதிகளுக்கான சான்று) என்று பட்டியலில் போட்டிருந்தாரே, பாக்கெட்டைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா என்றேன். அனுப்பினார். கோகோ பவுடருக்குச் சான்று இருக்கிறது, மேலே உருக்கி ஊற்றிய சாக்லேட்டுக்கு இல்லை. அவரே அதைக் கவனிக்கவில்லையாம். பட்டியலில் இப்போது "கோகோ பவுடர் மட்டும்" என்று இருக்கிறது. சான்று இருந்தாலும், ஆலையில் சான்று பெற்ற கோகோவும் பெறாததும் கலந்து அரைபடலாம், சான்று உள்ளதாக வாங்கிய அளவும் விற்ற அளவும் ஒத்துப்போனால் போதும் என்பதும் விதிதான், அதையும் சின்ன எழுத்தில் சேர்த்திருக்கிறார். விற்கிறவர் இப்படித் தன் பொருளைத் தானே குறைத்துச் சொல்வது எனக்குப் புதிது. பிறந்தநாள் கேக் என்றால் அட்டை வேண்டுமா என்று இப்போது முன்கூட்டியே கேட்கிறார்.

குறைகள் இன்னும் உண்டு. சொன்ன நேரத்துக்கு டெலிவரி வருவது அபூர்வம், ஒரு சனிக்கிழமை பேரணிக்குப் போய்விட்டு இரவு எட்டரைக்கு ரொட்டி கொடுத்தார், முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் விருந்தாளிகளுக்கு வேறு ஏதாவது வாங்கியிருப்பேன். பெரிய பேக்கரியைவிட விலை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. முட்டை இல்லாத கேக் சுமார்தான், கொஞ்சம் ரப்பர் மாதிரி. எந்தக் குழுவுக்குப் பணம் போக வேண்டும் என்பதையும் அவர் ஒருவரே முடிவு செய்கிறார், வாங்குகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கலாம்.

ஆர்டர் புதன் இரவோடு முடிந்துவிடும், வாரத்துக்கு இருபது ரொட்டிக்கு மேல் எடுப்பதில்லை. போன வாரம் நான் வியாழன் காலையில் கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டார். இந்த வாரம் செவ்வாயே சொல்லிவைத்துவிட்டேன், ஒரு சவர்டோ, ஆறு பிரவுனி, அட்டையோடு.