சட்டகத்தைத் திறந்து காட்டாத கடையில் ஒளிப்படம் வாங்காதீர்கள்

கொழும்பு 3இல் கலை ஒளிப்படங்களை விற்கும் ஒரு கடையில் சென்ற ஆண்டு ஓர் இலட்சத்து எண்பதாயிரம் ரூபாய் கொடுத்து நான் வாங்கிய கறுப்பு வெள்ளைப் படமொன்று, தென்மேற்குப் பருவமழை ஓய்வதற்குள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டதுடன், அதன் கறுப்புப் பகுதிகள் எல்லாம் பச்சை சாய்ந்தும் போயின. கெட்டது படம் மட்டுமல்ல, அதைப் பற்றிக் கடையில் எனக்குச் சொல்லப்பட்ட எதுவுமே உண்மையில்லை என்பது பின்னர்தான் தெரியவந்தது. முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

மன்னார்க் கரையில் கரைவலை இழுப்பவர்களைக் காட்டும் அந்தப் படத்தை எடுத்தவர் நம்மிடையே வாழும் ஒரு கலைஞர். பருத்தி இழைத் தாளில் நிறமி மையால் அச்சிடப்பட்டது, பன்னிரண்டு பிரதிகளுக்கு மேல் அச்சிடப்படமாட்டாது, இது நான்காவது, ஓரத்தில் கலைஞரே பென்சிலால் கையொப்பமிட்டிருக்கிறார் என்று விற்பனையாளர் விளக்கினார். கண்ணாடிக்குப் பின்னால் 4/12 என்ற எண்ணும் கையொப்பமும் தெளிவாகவே தெரிந்தன. சட்டகத்தின் பின்புறம் முழுவதும் பழுப்பு நாடா ஒட்டி மூடப்பட்டிருந்தது. அதைத் திறந்து தாளைக் காட்ட முடியுமா என்று கேட்டபோது, திறந்தால் தூசி புகுந்துவிடும், உத்தரவாதமும் போய்விடும் என்றார்கள். பற்றுச்சீட்டில் "சட்டகமிட்ட படம் 1" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. விவரமாக எழுதித் தரக் கேட்டதற்கு, அத்தாட்சிப் பத்திரம் தபாலில் வரும் என்றார்கள். அது இன்றுவரை வரவில்லை.

அரும்பொருள் காப்புப் பணியில் நெடுங்காலம் இருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் என் வீட்டு மேசையில் வைத்து அந்தச் சட்டகத்தைத் திறந்தார். தாளின் ஓரத்தைச் சிறிது கிழித்ததும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் இழுபட்டு வந்தது. அதாவது, அது சாதாரண வண்ணப் படங்களை வீட்டில் அச்சிட விற்கப்படும் பளபளப்புத் தாள், பருத்தி அதில் ஓர் இழைகூட இல்லை. அந்தத் தாளை முழுப்பரப்பிலும் பசை தடவி ஹார்ட்போர்டில் அழுத்தி ஒட்டியிருந்தார்கள். பிறகு அவர் நகைக்கடைகளில் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸை என்னிடம் கொடுத்து, கையொப்பத்தைப் பார்க்கச் சொன்னார். பென்சில் கோடாக இருந்தால் தாளின் மேற்பரப்பில் கரித்துகள் மினுங்க வேண்டும். நான் கண்டதோ நீலமும் செந்நிறமும் மஞ்சளுமாக நெருக்கமான மைப் புள்ளிகள். கையொப்பமும் எண்ணும் படத்தோடு சேர்த்தே அச்சிடப்பட்டிருந்தன.

கலைஞரைத் தொடர்புகொண்டோம். அந்தக் கடைக்கு அவர் கொடுத்தது, ஒரு கண்காட்சியின் அழைப்பிதழில் போடுவதற்கான கணினிக் கோப்பு மட்டுமே. அவருடைய பதிவேட்டின்படி உண்மையான 4/12 பல ஆண்டுகளுக்கு முன்பே வெளிநாட்டில் உள்ள ஒருவருக்கு விற்கப்பட்டுவிட்டது.

கடைக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் குரலை உயர்த்தவில்லை. "ஐயா, நீங்கள் வெள்ளவத்தையில் கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள். உப்புக் காற்றுக்கும் ஈரத்துக்கும் நாங்கள் என்ன செய்வது?" என்றார். இந்தப் பதிலில் பாதி உண்மை இருப்பதால்தான் அது பலரிடம் எடுபடுகிறது. கொழும்பில் காற்றின் ஈரப்பதன் ஆண்டின் பெரும்பகுதியில் எழுபது வீதத்துக்கு மேலேயே நிற்கிறது, அந்த அளவில் தாளில் பூஞ்சணம் பிடிக்கும். ஆனால் என் படம் பச்சை சாய்ந்ததற்குக் கடல் காரணமில்லை. மலிவான சாய மையில் கறுப்பும் சாம்பலும் பல வண்ணச் சாயங்களைக் கலந்தே உண்டாக்கப்படுகின்றன. வெளிச்சமும் காற்றிலுள்ள ஓசோனும் அச்சாயங்களைச் சிதைக்கும்போது எல்லாம் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. செந்நிறம் முந்திக்கொண்டு மங்கினால் மிஞ்சுவது பச்சை. நிறமி மையில் வண்ணம் கரைந்திராமல் நுண்ணிய திண்மத் துகள்களாக இருப்பதால், அது இவ்வளவு எளிதில் இப்படி மாறாது.

கண்ணாடியில் ஒட்டிக்கொண்டதும் காலநிலையின் குற்றமல்ல. முறையாகச் சட்டகமிடுபவர், நடுவில் சாளரம் வெட்டிய அமிலமற்ற மவுண்ட் போர்டையோ ஓரங்களில் மெல்லிய இடைக்கட்டைகளையோ வைத்து, படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே காற்று நிற்க இடம் விடுவார். குளிரூட்டியைப் போடுவதும் நிறுத்துவதுமான அறையில் கண்ணாடியின் உட்புறம் வியர்க்கும்போது, அந்த இடைவெளிதான் தாளைக் காப்பாற்றுகிறது. படத்தைப் பின்பலகையில் முழுவதுமாக ஒட்டவும் கூடாது. யப்பானியக் கைத்தாளின் சிறு துண்டுகளைக் கோதுமை மாப்பசையால் மேல்விளிம்பில் மட்டும் ஒட்டித் தொங்கவிட்டால், ஈரத்தில் தாள் விரிந்து சுருங்க வழியிருக்கும், தேவைப்படும்போது நீரால் நனைத்துக் கழற்றவும் முடியும். ஹார்ட்போர்டு அமிலம் கசியும் மரக்கூழ்ப் பலகை. அதில் முழுதாக ஒட்டப்பட்டது உண்மையான அச்சாகவே இருந்திருந்தாலும் அதை மீட்டிருக்க முடியாது.

அதே கடையின் உள்ளறையில் எனக்கு இன்னொரு படமும் காட்டப்பட்டது. லயனல் வென்ட் எடுத்தது என்றும், அவருடைய மூல நெகட்டிவிலிருந்து அண்மையில் புதிதாக அச்சிடப்பட்டது என்றும் சொன்னார்கள். வென்ட் 1944இல் காலமானார், அவருடைய நெகட்டிவ்கள் அவரது மறைவுக்குப் பின் அழிக்கப்பட்டுவிட்டன. எனவே அவற்றிலிருந்து இன்று ஒருவரும் புதிதாக அச்சிட முடியாது. இந்தத் தீவு பெற்ற மிகப் பெரிய ஒளிப்படக் கலைஞர் பெயரில், அவருடைய பெயர் தாங்கிய கலையரங்கு இருக்கும் நகரத்திலேயே, இப்படியொரு பொய்யைத் தயக்கமின்றிச் சொல்பவர்கள் மற்ற எதைத்தான் சொல்லமாட்டார்கள்?

வாங்க நினைப்பவர்கள், படத்தைச் சட்டகமில்லாமல் தாளாகவே பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். நல்ல பருத்தித் தாள் சதுர மீற்றருக்கு 300 கிராம் அளவு கனமாயிருக்கும், கையில் எடுத்தாலே வேறுபாடு தெரியும் (கையுறை இல்லாவிட்டால் ஓரங்களை மட்டும் பிடியுங்கள்). வெண்மையூட்டி சேர்க்காத தாள் என்று சொல்லப்பட்டால், நாணயத்தாள் சோதிக்கும் புறஊதா டோர்ச்சை அதன்மேல் அடித்துப் பாருங்கள். தாள் பளிச்சென நீலமாக ஒளிர்ந்தால் அந்தக் கூற்று பொய். சில நல்ல பருத்தித் தாள்களிலும் வெண்மையூட்டி சிறிதளவு இருப்பதால், இச்சோதனையை மட்டும் வைத்துத் தாளையே தள்ளிவிட வேண்டாம். தாளின் வகை, மையின் வகை, மொத்தப் பிரதிகள், உங்களுடையதன் எண், அச்சிட்ட ஆண்டு ஆகிய அனைத்தும் பற்றுச்சீட்டிலேயே எழுதப்பட வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பது வியாபாரியின் சட்டக் கடமை. கலைஞர் உயிரோடிருந்தால், பணம் கொடுப்பதற்கு முன் அந்த எண்ணை அவரிடமோ அவருடைய முகவரிடமோ உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஏற்கனவே நல்ல அச்சு வைத்திருப்பவர்கள் அதை மேற்கு வெயில் விழும் சுவரிலும், மழைக்கு ஊறும் வெளிச்சுவரிலும் மாட்ட வேண்டாம். சட்டகத்தின் கீழ்மூலைகளில் இறப்பர் குமிழ்களை ஒட்டினால் சுவருக்கும் அதற்கும் நடுவே காற்றோடும். கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் துணியில் தெளித்துத் துடைக்க வேண்டும், கண்ணாடியில் நேரே தெளித்தால் ஓரத்தின் வழியே உள்ளே இறங்கிவிடும்.

பணத்தைத் திருப்பித் தர மறுத்த கடைக்காரர், பதிலுக்கு வேறொரு படம் தருவதாகச் சொன்னார். அதன் பின்புறமும் பழுப்பு நாடாவால் மூடப்பட்டிருந்தது, அதையும் திறக்க அவர் சம்மதிக்கவில்லை. நான் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் எழுத்துமூலம் முறையிட்டிருக்கிறேன். அவர்களின் 1977 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். கரைவலைப் படத்தில் எண்ணும் கையொப்பமும் அச்சில் வந்தவை என்பதால், அதே 4/12ஐ அவர்கள் இன்னும் எத்தனை பேருக்கு விற்றிருக்கிறார்கள் என்று தெரியவில்லை. அந்தப் படம் உங்கள் வீட்டுச் சுவரில் இருந்தால், லென்ஸ் ஒன்றால் கையொப்பத்தைப் பாருங்கள். புள்ளிகள் தெரிந்தால் படத்தை அகற்றாமல், பற்றுச்சீட்டோடு ஒரு ஒளிப்படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், என் முறைப்பாட்டுடன் சேர்த்துக் கொடுக்கிறேன்.