‘வாரக் கடைசியில் மட்டும்தான்’ என்றவனுக்கு நேராகப் பதில் சொன்ன கோவை ஆலோசனை மையம்

கோவை அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில், மாடியில் நடக்கிற சின்ன மனநல, போதை ஆலோசனை மையத்தைப் பற்றிய ரிவ்யூ இது. பெயர் போடவில்லை. என் சித்தி மகன் இன்னும் அங்கே போய்க்கொண்டிருக்கிறான், எங்கள் பக்கத்தில் இடத்தைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் இல்லாவிட்டாலும், இப்படி ஒரு இடத்துக்குப் போனால் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பது தேடி வருகிறவர்களுக்குப் பயன்படும்.

தம்பி திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். நல்ல சம்பளம். ஷிப்மென்ட் நெருக்கடியில் ராத்திரி முழுக்க விழித்திருக்க நண்பன் ஒருவன் மெத் (மெத்தம்பெட்டமின் என்கிற ஊக்கப் போதைப்பொருள்) கொடுத்ததில் ஆரம்பித்தது, அப்புறம் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சனிக்கிழமை ராத்திரி என்றால் அதுதான் என்று ஆகிவிட்டது. வீட்டில் தெரிந்தபோது அவன் மறுக்கவில்லை. “அக்கா, நான் வேலைக்குப் போறேன், கார் டியூ கட்டறேன், அம்மாவுக்குப் பணம் தர்றேன். வாரக் கடைசியில மட்டும் எடுத்தா என்ன கெட்டுப்போச்சு?” என்று கேட்டான். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான், வாதத்துக்காக இல்லை.

இதற்கு முன் நாங்கள் போய் விசாரித்த ஒரு மறுவாழ்வு இல்லத்தில், அதைத் தொட்டவன் எவனும் உருப்பட்டதில்லை, மூன்று மாசம் விட்டுவிட்டுப் போங்கள், போன் கிடையாது, பார்க்கவும் வரக்கூடாது என்றார்கள். அட்வான்ஸ் எவ்வளவு என்பதைத்தான் தெளிவாகச் சொன்னார்கள். எடுத்துக்கொண்டே வேலைக்குப் போகிற நாலு பேரைத் தம்பி தினமும் பார்க்கிறான், அவனிடம் போய் எவனும் உருப்பட்டதில்லை என்றால் அடுத்து நீங்கள் சொல்கிற எதையும் அவன் காதில் வாங்கப்போவதில்லை. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் போதைப் பழக்கத்துக்கான சிகிச்சைக்கும் பொருந்தும். சம்மதத்தோடு சேருவதுதான் பொது வழி, நோயாளியைச் சங்கிலி போட்டுக் கட்டக்கூடாது, போன் பேசவும் ஆட்களைப் பார்க்கவும் உரிமை உண்டு. எந்த இல்லத்துக்குப் போனாலும் அந்தச் சட்டப்படி பதிவு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

கோவை மையத்தில் பேசிய ஆலோசகர் ஐம்பது வயதைத் தாண்டிய அம்மா. தம்பி அதே கேள்வியை அவரிடமும் கேட்டான். “எடுக்கறவங்க எல்லாரும் அடிமையாகறதில்ல தம்பி, அது உண்மைதான்” என்று ஆரம்பித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எடுத்த ஒரு பெரிய கணக்கெடுப்பைச் சொன்னார். ஹெராயினை ஒரு தடவையாவது எடுத்தவர்களில் அடிமையானவர்கள் சுமார் 23 சதவீதம், கொகெயினில் 17, மெத் உட்பட, கொகெயின் தவிர்த்த மற்ற ஊக்க மருந்துகளில் 11. புகையிலையில்தான் அதிகம், 32. வியட்நாம் போருக்குப் போய் அங்கே ஹெராயினுக்கு அடிமையான சிப்பாய்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பிய பிறகு அதில் போய் விழவில்லை என்பதையும் சொன்னார்.

தம்பி முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப எனக்கு 89 சதவீதம் சான்ஸ் இருக்குதுங்க மேடம்” என்றான். அவர் சிரிக்கவில்லை. “ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்த்துட்டு விட்டவங்களையும் சேர்த்த கணக்குங்க அது, நீங்க வாராவாரம் எடுக்கறீங்க. அப்ப அவங்க முழுங்கின மாத்திரையும் நீங்க புகைக்கிற மெத்தும் ஒண்ணில்ல. சிப்பாய்களுக்கு ஊரும் மாறுச்சு, கூட்டாளிகளும் மாறினாங்க. உங்களுக்கு அதே ரூம், அதே பிரண்டு, அடுத்த மாசம் அதே ஷிப்மென்ட்.” நான் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன்: கணக்கெடுப்பில் பதில் சொன்னவர்கள் உயிரோடு, ஒரு முகவரியோடு இருந்தவர்கள். நெஞ்சடைத்துப் போனவனிடம் யாரும் போய்க் கேட்கவில்லை.

அதற்கப்புறம் கொடுத்தார் ஒரு தாள். இந்த ரிவ்யூவை எழுத வைத்ததே அந்தத் தாள்தான். ஏ4 தாளில் ஏழு நாள், நாலு கட்டம்: தூக்கம், சோறு, சண்டை, காசு. போதை என்ற வார்த்தையே அதில் இல்லை. ஒரு தாள் தம்பிக்கு, அவன் சம்மதித்ததால் இன்னொன்று சித்திக்கு. ஒருத்தர் எழுதுவதை இன்னொருத்தர் பார்க்கக்கூடாது. அடுத்த முறை இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். செவ்வாய்க்கிழமைக்கு நேராகத் தம்பி ‘நார்மல்’ என்று எழுதியிருந்தான். அதே செவ்வாய்க்கு நேராகச் சித்தியின் கோழிக்கிறுக்கலில், ‘அரிசும்பருப்புச் சோறு ஆக்கி வச்சேன், தட்டத் தள்ளிட்டுப் போயிட்டான். பாப்பா கல்யாணப் பேச்செடுத்ததுக்குக் கதவச் சாத்திட்டான்.’ புதன்கிழமைக் கட்டத்திலும் ஏறக்குறைய அதுவே. வியாழன் வந்த பிறகுதான் இரண்டு தாளும் ஒத்துப்போயின.

தம்பி ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். மெத் ரத்தத்தில் பாதியாகக் குறையவே பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகலாம், அது போன பிறகு உடம்பு விட்டுப்போன தூக்கத்தையும் பசியையும் வசூல் பண்ணும், மனசு அடியில் போய்க் கிடக்கும் என்று ஆலோசகர் விளக்கினார். அவன் சனிக்கிழமை மட்டும் என்று சொன்னது பொய் இல்லை. ஆனால் வீட்டிலிருப்பவர்களுக்கு அந்தச் சனிக்கிழமை புதன் வரைக்கும் ஓடியது. நம் வாழ்க்கை நன்றாகத்தான் போகிறது என்று எடுக்கிறவனே தீர்ப்புச் சொன்னால் போதாது, கூட இருக்கிறவர்களின் தாளும் வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது.

விடுவானா அவன். “எங்கப்பா வாரத்துல நாலு நாள் டாஸ்மாக் போறாரு, அவருக்கு யாரும் தாள் கொடுக்கலைங்களே?” என்றான். “நியாயமான கேள்வி. அவரையும் கூட்டிட்டு வாங்க, இதே தாளைக் கொடுக்கறேன்” என்றார். சித்தப்பா இதுவரை வரவில்லை. இதில் நான் தம்பி பக்கம். எங்கள் ஊரில் சாராயம் கெடுத்த குடும்பங்களின் எண்ணிக்கைக்கு மெத் பக்கத்தில்கூட வராது, அதைப் பேசாமல் பையன்களுக்கு மட்டும் புத்தி சொன்னால் எடுபடாது. ஆனால் பாட்டிலில் எத்தனை சதவீதம் என்று அச்சடித்திருக்கும், பொட்டலத்தில் என்ன கலந்திருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது.

போலீஸ் விஷயத்தையும் அங்கே மறைக்காமல் பேசினார்கள். 1985 போதைப்பொருள் சட்டத்தில் மெத்துக்குச் சிறிய அளவு என்பது 2 கிராம், அதற்கே ஒரு வருஷம் வரை சிறை. நாலு பேர் காசு போட்டு வாங்கினாலும் பொட்டலம் யார் பையில் இருக்கிறதோ அவன்மேல்தான் முதலில் கேஸ், அளவு 2 கிராமைத் தாண்டி 50 கிராமுக்குள் இருந்தால் தண்டனை பத்து வருஷம் வரை போகலாம். அதே சட்டத்தின் 64ஏ பிரிவில், சிறிய அளவு வழக்கில் மாட்டிய அடிமையானவர் தானாக முன்வந்து அரசு அங்கீகாரம் உள்ள இடத்தில் சிகிச்சை எடுத்து முடித்தால் வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. நிறையப் பேருக்கு இது தெரியாது.

எடுத்துக்கொண்டே நன்றாக வாழ்கிறவர்கள் இருக்கவே மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை, எங்கேயோ இருப்பார்கள். அவர்களுக்குக் காசும் தூக்கமும் வேலையில் பிடிப்பும் ஏற்கெனவே இருக்கும், ஒரு நாள் படுத்துக்கிடந்தாலும் எதுவும் சரியாது. பையர் மெயிலுக்கு ராத்திரி பதினொன்றுக்குப் பதில் போட்டே ஆகவேண்டிய, தங்கச்சி கல்யாணத்தைத் தோளில் வைத்திருக்கிற திருப்பூர் பையனுக்கு அந்த வசதி ஏது?

சரி, நடைமுறை விஷயங்கள். முதல் முறை 1000 ரூபாய், அப்புறம் 600, சிறுநீர்ப் பரிசோதனைக்குத் தனி. பரிசோதனை அவன் ஒத்துக்கொண்டால்தான், முடிவையும் முதலில் அவனிடம்தான் சொல்கிறார்கள். மெத்தை விடுவதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார், தேவையில்லாமல் எதையும் எழுதித் தள்ளவில்லை. நடுவில் ஒரு ஷிப்மென்ட் சமயம் தம்பி வழுக்கி மறுபடி எடுத்தபோது யாரும் திட்டவில்லை, புதுத் தாள் கொடுத்தார்கள்.

குறைகளும் உண்டு. லிப்ட் இல்லை. சனிக்கிழமை பதினோரு மணிக்கு நேரம் கொடுத்துவிட்டு ஒரு மணிக்குக் கூப்பிடுவார்கள், டாக்டர் பத்து நிமிஷத்துக்கு மேல் உட்கார மாட்டார். பெரிய குறை, வரவேற்பில் முழுப்பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டது. இப்படிப்பட்ட இடத்தில் அது மன்னிக்க முடியாத விஷயம். புகார் சொன்ன பிறகு டோக்கன் நம்பரைக் கூப்பிடுகிறார்கள்.

வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிற பழக்கம், ஹெராயின் இதெல்லாம் இருந்தால் இந்த இடம் போதாது. அதற்குப் புப்ரெனார்பின் போன்ற மருந்துகள் இருக்கின்றன, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் இவர்களே அனுப்புகிறார்கள். எங்கே போவது என்றே தெரியாதவர்கள் அரசின் போதை மீட்பு உதவி எண் 14446க்குக் கூப்பிடலாம், இலவசம்தான்.

ஐந்துக்கு நாலு ஸ்டார். திருப்பூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் வர வேண்டியிருக்கிறது, வேலை நாளில் லீவு சொல்லக் காரணம் தேட வேண்டியிருக்கிறது. வாரத்தில் ஒரு சாயங்காலம் திருப்பூரிலேயே வந்து பார்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம், யோசிக்கிறோம் என்றிருக்கிறார்கள்.