ரீகால் பழுதுக்காகக் காத்திருக்கும் கார்: ஒரு கட்டணக் காப்பகச் சேவை பற்றிய மதிப்பீடு

காரை மாதக்கணக்கில் பத்திரமாக வைத்துத் தரும் கட்டணக் காப்பகங்கள், பெரும்பாலும் நெடுநாள் வெளியூர் செல்பவர்களையும் பழைய கார்களைச் சேகரிப்பவர்களையும் மனத்தில் கொண்டே தம் சேவையை அமைத்திருக்கின்றன. இவர்களைத் தவிர இன்னொரு வகை வாடிக்கையாளரும் உண்டு. காரில் ஆபத்தான குறைபாடு இருப்பதாக உற்பத்தி நிறுவனமே அறிவித்து, மாற்றுப் பாகம் வரும்வரை வண்டியை ஓட்ட வேண்டாம் என்று கடிதமும் அனுப்பிவிட, நன்றாக ஓடக்கூடிய காரை ஓட்ட முடியாமல் வைத்திருப்பவர் அவர். என் காரில் ஏர்பேக்கை ஊதச் செய்யும் இன்ஃப்ளேட்டர் என்ற பாகம் ரீகால் (குறைபாட்டைச் சரிசெய்ய உற்பத்தியாளரே கார்களைத் திரும்ப அழைப்பது) பட்டியலில் இடம்பெற்றதால் நானும் அந்த வகையில் சேர்ந்தேன். பாகம் எப்போது வரும் என்று பணிமனையால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. வெயிலிலும் மழையிலும் விட்டுவைக்க எனக்கு மனமில்லை. ஆகவே கூரையும் ஈரப்பதக் கட்டுப்பாடும் உள்ள ஒரு காப்பகத்தில் காரை ஒப்படைத்தேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேட்டரி, டயர், உறை, கண்காணிப்பு என்று காரைப் பராமரிக்கும் வேலையில் இந்தக் காப்பகத்தைப் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. ஆனால் கார் ஏன் ஓடாமல் நிற்கிறது என்ற கேள்வி அதன் சேர்க்கைப் படிவத்தில் இல்லை. எண்ணெய்க் கசிவு உண்டா, அலாரம் உண்டா, கீறல்கள் எங்கெங்கே உள்ளன என்றெல்லாம் விரிவாகக் கேட்கும் அந்தப் படிவத்தில், ரீகால் நிலுவையில் உள்ளதா என்று கேட்க ஒரு வரிகூட ஒதுக்கப்படவில்லை. காரை எங்கே நிறுத்துவது, எப்படி நகர்த்துவது, யார் தொடலாம் என்பதையெல்லாம் தீர்மானிக்க வேண்டிய கேள்வியே அதுதான்.

ஏனெனில் எல்லா ரீகால் காரையும் கூரைக்கடியில் வைத்துவிட முடியாது. 2023 செப்டம்பரில் ஹூண்டாய், கியா நிறுவனங்கள் அமெரிக்காவில் 33 லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்களுக்கு அறிவித்த ரீகாலை எடுத்துக்கொள்வோம். பிரேக் கட்டுப்பாட்டுத் தொகுதிக்குள் திரவம் கசிந்தால் மின்கசிவு ஏற்பட்டுத் தீப்பிடிக்கலாம் என்பது அதன் காரணம். எஞ்சின் அணைந்திருக்கும்போதும் அந்த ஆபத்து இருந்ததால், பழுது பார்க்கப்படும்வரை காரைக் கட்டடங்களிலிருந்து தள்ளித் திறந்த வெளியில் நிறுத்துமாறு உரிமையாளர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். செவர்லே போல்ட் மின்காரின் பேட்டரி ரீகாலிலும் இதே நிலைதான்: 2021-இல் அந்நிறுவனம், 90 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் செய்ய வேண்டாம், சார்ஜ் ஏற்றியவுடன் வெளியே நிறுத்துங்கள், இரவில் வீட்டுக்குள் சார்ஜில் போட்டுவிட்டுப் போகாதீர்கள் என்று அறிவுறுத்தியது. அப்படிப்பட்ட காரை நூறு கார்கள் நெருக்கமாக நிற்கும் மூடிய கூடத்தில், பேட்டரிக்கு மின்னிணைப்பும் கொடுத்து நிறுத்தினால், அதன் உரிமையாளர் தன் காரோடு அடுத்தவர் கார்களையும் ஆபத்தில் தள்ளுகிறார். இந்தக் காப்பகத்தின் படிவத்தை நிரப்பிக் கையெழுத்திடும் ஒருவர், தமக்கே தெரியாமல் இதைச் செய்துவிட முடியும். தீ அபாயமுள்ள ரீகால் என்றால் இத்தகைய உள்ளரங்கச் சேவையை நாடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. வேலி போட்ட, கார்களுக்கிடையே தாராளமான இடைவெளி உள்ள திறந்தவெளி நிறுத்தகமே அதற்குப் பொருத்தமானது.

என் காரின் நிலை இதற்கு நேர்மாறானது. ஏர்பேக் தயாரித்த ஜப்பானின் டகாட்டா நிறுவனத்தின் இன்ஃப்ளேட்டர்களால் எழுந்த ஏர்பேக் ரீகால் உலக வாகன வரலாற்றிலேயே மிகப் பெரியது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி ஏர்பேக்குகள் அதில் அடங்கின, அந்நிறுவனமும் 2017-இல் திவால் பாதுகாப்புக் கோர நேர்ந்தது. ஏர்பேக்கை நொடிப்பொழுதில் ஊதச் செய்யும் வாயுவை உண்டாக்க அம்மோனியம் நைட்ரேட் பயன்படுத்தப்பட்டிருந்தது. ஈரத்தை உறிஞ்சும் பொருள் சேர்க்கப்படாத இன்ஃப்ளேட்டர்களில், ஆண்டுக்கணக்கில் ஈரப்பதமும் வெப்ப ஏற்றத்தாழ்வும் மாறிமாறித் தாக்கும்போது அந்த வேதிப்பொருள் சிதைந்து, விபத்தின்போது மட்டுமீறிய வேகத்தில் எரிந்து, உலோகக் கூட்டையே வெடிக்கச் செய்து, அதன் துண்டுகளைப் பயணியின் மீது சிதறடித்தது. 2001 முதல் 2003 வரையிலான சில ஹோண்டா, அக்யூரா கார்களில் ஏர்பேக் விரியும்போது இன்ஃப்ளேட்டர் வெடிக்கும் வாய்ப்பு 50 சதவீதம்வரை இருப்பதாக அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2016-இல் எச்சரித்தது. ஈரமும் வெப்ப மாற்றமும்தான் எதிரிகள் என்றால், வெப்பநிலை சீராக உள்ள உலர்ந்த கூடம் அத்தகைய காருக்கு உண்மையிலேயே நல்ல இடம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: காப்பகம் மேலும் சிதைவதைத் தாமதப்படுத்தலாம், ஏற்கெனவே சிதைந்ததைச் சரிசெய்யாது. சில மாதங்கள் குளிரூட்டப்பட்ட அறையில் நின்றது என்பதற்காக அந்தக் கார் ஓட்டத் தகுதி பெற்றுவிடுவதில்லை.

இதனாலேயே இந்தச் சேவையின் பெருமைக்குரிய அம்சமாக விளம்பரப்படுத்தப்படும் ‘மாதாந்திர ஓட்டம்’ எனக்கு ஏற்புடையதாக இல்லை. மாதம் ஒருமுறை ஊழியர் ஒருவர் காரை எடுத்துச் சாலையில் சிறிது தொலைவு ஓட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துவார். டயர், பிரேக், எஞ்சின் எல்லாம் இயங்கிவிடும். குறைபாடற்ற காருக்கு இது மிகவும் நல்ல ஏற்பாடு. ஓட்டக் கூடாது என்று உற்பத்தியாளர் எச்சரித்த காருக்கோ, உரிமையாளர் ஏற்க மறுத்த ஆபத்தை விவரம் அறியாத ஒரு தொழிலாளியின் மார்புக்கு நேரே வைப்பதாகும். அந்த ஓட்டத்தை நீக்கச் சொன்னபோது வரவேற்புப் பிரிவினர் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டனர். இருந்தும் அச்சிட்ட பணிப்பட்டியலில் அது அப்படியே இருந்தது. தொகுப்பிலிருந்து ஒரு பணியைத் தனியே எடுக்க அவர்களுடைய மென்பொருள் இடம்தரவில்லையாம். கூடத்தின் மேற்பார்வையாளரிடம் ரீகால் கடிதத்தின் நகலைக் கொடுத்த பிறகு, அவர் ஸ்டீயரிங்கில் ‘ஓட்டக் கூடாது’ என்று எழுதிய சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டினார். முழுச் சேவையிலும் எனக்கு மிகுந்த நம்பிக்கை தந்தது அந்த அட்டைதான்.

இருப்பினும் பராமரிப்புப் பதிவேட்டைப் பார்த்தபோது, ஓட்டத்துக்குப் பதிலாக நின்ற இடத்திலேயே எஞ்சினைச் சிறிது நேரம் இயக்கி அணைத்திருப்பது தெரிந்தது. ஏர்பேக் மோதலின்போது மட்டுமே விரியும் என்பதால் இதில் உயிராபத்து இல்லை; ஆனால் பயனும் இல்லை. சில நிமிட இயக்கத்தில் எஞ்சின் முழு வெப்பநிலையை எட்டுவதில்லை. எரிதலில் உருவாகும் நீர் ஆவியாகி வெளியேறாமல் எண்ணெயிலும் சைலென்சரிலும் தங்கிவிடுகிறது. ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரம்கூட அந்த நேரத்தில் பேட்டரிக்குத் திரும்பாமல் போகலாம். காரின் மீது அக்கறை கொண்டு செய்யப்படும் இந்தப் பழக்கத்தைப் பல இடங்களில் காணலாம். முறையாக நிறுத்தி வைக்கப்பட்ட எஞ்சினைத் தூங்கவிடுவதே மேல்.

பேட்டரி விஷயத்தில் காப்பகத்துக்கு முழு மதிப்பெண் தரலாம். பூட்டி நிறுத்திய காரிலும் அலாரம், கணினித் தொகுதிகள், ரிமோட் உணரி ஆகியவை ஓசையின்றி மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் என்பது பல கார்களில் இயல்பாகக் கருதப்படும் அளவு. அதன்படி நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி வீதம் கரைந்து, 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி 25 நாளில் தீர்ந்துவிடும். முழுதாகச் சார்ஜ் ஆன ஈய-அமில பேட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும், 12.4-க்குக் கீழே நெடுநாள் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து அதன் கொள்ளளவு நிரந்தரமாகக் குறைகிறது. இதைத் தடுக்கத் தேவையானது, பேட்டரி நிரம்பியதும் தானாகவே மின்னோட்டத்தைக் குறைத்துப் பராமரிப்பு நிலைக்குச் செல்லும் சார்ஜர். இந்தக் காப்பகம் ஒவ்வொரு காருக்கும் தனித்தனிச் சார்ஜர் வைத்திருக்கிறது. அதனினும் முக்கியமாக, பேட்டரி சாதாரண வகையா, அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் தேக்கி வைக்கும் ஏஜிஎம் வகையா என்று கேட்டு அதற்கேற்ப அமைக்கிறது. கழற்றிவிட்டாலே போதாதா என்று கேட்பவர்களுக்கு: போதும், ஆனால் அலாரம் செயலிழக்கும், சில கார்களில் ஆடியோ குறியீட்டையும் ஜன்னல் அமைப்பையும் மீண்டும் பதிய வேண்டிவரும். மின்கார் உரிமையாளர்கள் பெரிய பேட்டரியை மட்டும் நினைத்துச் சிறிய 12 வோல்ட் பேட்டரியை மறந்துவிடுவதுண்டு. அது தீர்ந்தால் கதவுகூடத் திறக்காமல் போகலாம்.

டயர்களில் பரிந்துரைக்கப்பட்ட அளவைவிடச் சற்றுக் கூடுதலாக, பக்கவாட்டில் அச்சிடப்பட்ட உச்சவரம்பைத் தாண்டாமல் காற்று நிரப்பினார்கள். ஒரே இடம் தரையில் அழுந்தித் தட்டையாகிவிடாமல் இருக்க, அவ்வப்போது காரைக் கையால் தள்ளி அரைச் சுற்று நகர்த்தினார்கள். ஓட்டத்துக்கு இதுவே போதுமான மாற்று. ஹேண்ட்பிரேக்கை விடுவித்துச் சக்கரங்களுக்கு ஆப்பு வைத்ததும் சரியே, இல்லையேல் பிரேக் கட்டைகள் துருவோடு ஒட்டிக்கொள்ளும். பெட்ரோல் தொட்டியை நிரப்பி, எரிபொருள் கெடாமல் காக்கும் நிலைப்படுத்தியை ஊற்றுவது உரிமையாளரின் வேலை என்று விட்டுவிட்டார்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்த்துச் சில மாதங்களிலேயே தரம் குறையும் என்பதால், இதைக் குறைந்தபட்சம் நினைவூட்டவாவது செய்திருக்கலாம். எலிப்பொறிகள் இருந்தன, மின்கம்பிகள் கடிபடவில்லை. செயலியில் வரும் படங்கள் அழகாக உள்ளன, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, குறைந்தபட்சக் காலம். நெடுங்காலத்துக்குப் பதிவு செய்தால் சலுகை உண்டு என்று வற்புறுத்துகிறார்கள். பாகம் வரும் நாள் நம் கையில் இல்லாத நிலையில் அந்தச் சலுகையை நம்பிப் பணத்தைக் கட்டுவது வீண், மாதாமாதம் புதுப்பிக்கும் முறையே தகும். இரண்டாவது, காரை வெளியே எடுக்கும் விதி. பணிமனையிலிருந்து அழைப்பு வந்தால் குறுகிய அவகாசத்தில் கார் அங்கே போய்ச் சேர வேண்டும், அதுவும் ஓட்டிச் செல்லாமல், சக்கரங்கள் தரையில் படாதபடி ஏற்றிச் செல்லும் ரெக்கவரி வண்டியில். உரிமையாளர் நேரில் வராமலே, கையெழுத்திட்ட அனுமதிக் கடிதத்தின் பேரில் பணிமனை அனுப்பும் வண்டியிடம் காரை ஒப்படைக்க இந்தக் காப்பகம் ஒப்புக்கொள்கிறது. பெரிய வசதி இது. விடுமுறை நாள்களில் வாயில் திறப்பதில்லை என்பதை மட்டும் பணிமனையிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். காப்பீட்டைப் பொறுத்தவரை, கார் ஓடவில்லையே என்று ஒப்பந்தத்தை விலக்கிக்கொள்ளக் கூடாது. தீ, திருட்டு ஆகியவற்றுக்கான பாதுகாப்பு தொடர வேண்டும், கார் நிற்கும் முகவரியும் ரீகால் நிலையும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் போக வேண்டும்.

இந்தச் செலவை நாமே ஏற்க வேண்டுமா என்பதை, பணம் கட்டும் முன்பே உற்பத்தி நிறுவனத்திடம் கேட்டுவிடுவது நல்லது. பழுது பார்ப்பது இலவசம் என்பதாலேயே காப்பகக் கட்டணம் தானாகத் திரும்பி வந்துவிடாது. ஆனால் டகாட்டா ரீகாலின்போது பாகம் கிடைக்காமல் காத்திருந்தவர்களுக்கு ஹோண்டா போன்ற நிறுவனங்கள் மாற்றுக் கார் கொடுத்த முன்னுதாரணம் உண்டு. வாகனத்தின் 17 எழுத்து அடையாள எண்ணையும் ரீகால் கடிதத்தையும் காட்டி, மாற்றுக் கார், இழுவைச் செலவு, நிறுத்தக் கட்டணம் மூன்றையும் தனித்தனியே கேட்க வேண்டும். பொதுவாகக் கேட்டால் பொதுவாகவே பதில் வருகிறது.

ஏர்பேக் வகை ரீகாலில் சிக்கி, கார் நிறுத்த நல்ல இடமில்லாதவர்களுக்கு, மாதாந்திர ஓட்டத்தை எழுத்துமூலம் நீக்கிக்கொண்டால், இந்தச் சேவையைப் பரிந்துரைப்பேன். தீ அபாய ரீகால் உள்ளவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். காரைத் திரும்ப எடுக்கும்போது பிரேக் தட்டுகளில் மேலோட்டமான துரு இருந்தால் அஞ்ச வேண்டாம். முதல் சில பிரேக்குகளிலேயே அது உரசிப் போய்விடும். ஆனால் பெடல் தளர்வாக இருந்தாலோ காரின் அடியில் ஈரம் தெரிந்தாலோ வண்டியைச் சாலைக்குக் கொண்டுவரக் கூடாது. காப்பகத்தின் கணக்கை முடிக்கும் முன், பொருத்தப்பட்ட பாகம் இறுதியானதா, இடைக்காலத்துக்கானதா என்று பணிமனையிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். டகாட்டா ரீகாலில் சில கார்களுக்கு முதலில் அதே வகை இன்ஃப்ளேட்டரே புதிதாகப் பொருத்தப்பட்டு, பின்னர் அதையும் மாற்ற மறுபடி அழைத்தார்கள். இடைக்காலப் பாகம் என்றால் காரை ஓட்டத் தடையில்லை. ஆயினும் அந்த அடையாள எண்ணின் மீது இன்னொரு கடிதம் வரும், முகவரி மாறியிருந்தால் அது உங்களை வந்து சேராது.