1955ஆம் ஆண்டின் தெருவுக்கு எந்தக் கார்? ஹெச்ஓ ரயில் தளத்துக்கான குட்டி வாகனங்கள்: ஓர் ஒப்பீடு

நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயின் ஜே வகை நீராவி எஞ்சின் 611, வர்ஜீனியாவின் ரோனோக் பட்டறையில் 1950இல் கட்டப்பட்டது. 1959இல் சேவையிலிருந்து விலக்கப்பட்டது. அதை உங்கள் மாதிரி ரயில் தளத்தில் ஓடவிட்டால், காட்சி அந்த ஒன்பது ஆண்டுகளுக்குள் எங்கோ இருக்கிறது என்பது மட்டும் தெரியும். லெவல் கிராசிங்கில் ஒரு 1957 செவ்ரலே பெல் ஏர் காரை நிறுத்துங்கள். 1956ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்துக்கு முந்தைய எந்த நாளும் அந்தக் கணமே அடிபட்டுப்போகிறது. ஒரு தளத்தின் தேதியை எழுதுவது அங்கே நிற்கும் வாகனங்களில் ஆகப் புதியதுதான். ஆனால், எஞ்சினுக்கு மாதக் கணக்கில் ஆராய்ச்சி செய்பவர்கள்கூட, காரைக் கடையில் கண்ணில் பட்டதை எடுத்துவந்து நிறுத்திவிடுகிறார்கள். இது எனக்கு நீண்டகால ஆதங்கம்.

எனவே ஒரு காட்சியை முடிவுசெய்துகொண்டு, அதற்கு எந்த வகை வாகனங்கள் பொருந்தும் என்று பார்க்கலாம். இடம்: வர்ஜீனியாவும் மேற்கு வர்ஜீனியாவும் சந்திக்கும் நிலக்கரி மலைப்பகுதியில் ஒரு சிற்றூர். காலம்: 1955 கோடை. அளவு: ஹெச்ஓ, அதாவது 1:87.

முதலில் அந்தத் தெருவில் உண்மையில் என்ன நின்றிருக்கும்? அமெரிக்காவில் போர் காரணமாக 1942 பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நிறுத்தப்பட்டது. 1945இன் பிற்பகுதியில்தான் மீண்டும் தொடங்கியது. அதன் பிறகு 1948 வரை வந்தவற்றில் பெரும்பாலானவை 1942 வடிவத்துக்குப் புது கிரில் (முன்புறக் கம்பித் தட்டி) மாட்டியவையே. உண்மையான புது வடிவங்கள் பரவலாக வந்தது 1949 மாடல்களோடு. ஆகவே 1955இல் ஒரு சுரங்க ஊரின் கடைத்தெருவில் 1946 முதல் 1953 வரையிலான கார்களே பெரும்பான்மை. முப்பதுகளின் கார்கள் சில இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். புத்தம் புதிய 1955 மாடல், வங்கி மேலாளர் வீட்டு வாசலிலோ கார் விற்பனைக் கடையின் கண்ணாடிக்குப் பின்னாலோ ஒன்றிரண்டு இருந்தால் போதும். இன்னொரு நுணுக்கமும் உண்டு. அமெரிக்க நிறுவனங்கள் அடுத்த ஆண்டு மாடலை முந்தைய இலையுதிர் காலத்திலேயே வெளியிடும் வழக்கம் கொண்டவை. அதனால் 1955 ஜூலையில் 1956 மாடல் நிற்க முடியாது. நவம்பர் என்றால் நிற்கலாம்.

பெட்டியில் ஆண்டு அச்சிடப்படாத வாகனத்தைக் கண்ணால் எடைபோடவும் வழி இருக்கிறது. சக்கரங்களுக்கு மேலுள்ள மூடிகள் (ஃபெண்டர்கள்) உடலிலிருந்து தனியே புடைத்து நின்றால் போருக்கு முந்தைய வடிவம். பக்கவாட்டு ஒரே தட்டையாக ஓடினால் 1949 அல்லது அதற்குப் பிந்தையது. முன்கண்ணாடி ஓரங்களில் வளைந்து பக்கவாட்டுக்குள் புகுந்தால் பெரும்பாலும் 1954 அல்லது அதற்குப் பிந்தையது. வாலில் பெரிய துடுப்பு எழுந்தால் 1957ஐ ஒட்டியது. முன்விளக்குகள் பக்கத்துக்கு இரண்டாக நான்கு இருந்தால் 1957 அல்லது 1958க்குப் பின். நான்கு விளக்குக் கார் எதுவும் நம் ஊருக்குள் வரக்கூடாது.

அடுத்தது அளவு. 1957 பெல் ஏர் காரின் நிஜ நீளம் 200 அங்குலம், அதாவது 5.08 மீட்டர். 1:87இல் அது 58 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் ஓஓ அளவான 1:76இல் 67. பொம்மைக் கடைகளில் 1:64 என்று சொல்லப்படும் அளவில் 79. இந்த மூன்று எண்களையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கடைக்குப் போகும்போது ஒரு சிறு அளவுகோல் கையில் இருக்கட்டும்.

பொம்மைக் கடை வாகனங்களை முதலில் கழித்துவிடுகிறேன். ஹாட் வீல்ஸ், மேட்ச்பாக்ஸ் வாகனங்கள் எங்கும் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் அவை ஒரே பெட்டி அளவுக்குள் அடங்குமாறு செய்யப்படுவதால், லாரியும் சிறு காரும் ஏறத்தாழ ஒரே நீளத்தில் வந்து நிற்கும். 1:64 என்பதே அங்கே ஒரு தோராயம். அகலமான சக்கரங்கள் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும். 1:64 அளவில் ரயில் ஓட்டும் எஸ் கேஜ்காரர்களுக்கு இவற்றில் சில உதவும். ஹெச்ஓ நடைமேடையில் நிற்கும் மனிதருக்குப் பக்கத்தில் இவற்றை வைத்தால் அந்த மனிதர் சிறுவனாகிவிடுவார்.

1:76 கொஞ்சம் கடினமான கேள்வி. ஹெச்ஓவும் ஓஓவும் ஒரே 16.5 மில்லிமீட்டர் பாதையில் ஓடுவதால், வாகனங்களும் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று பலர் எண்ணுகிறார்கள். பொருந்தாது. ஓஓ வாகனம் ஹெச்ஓவைவிட ஏறத்தாழ 14 விழுக்காடு பெரியது. தனியாக ஒரு லாரி நின்றால் கண் ஏமாறும், ஏனென்றால் நிஜ லாரிகளே பல அளவுகளில் இருக்கின்றன. இரண்டு கார்கள் அடுத்தடுத்து நின்றால் ஏமாறாது. ஆக்ஸ்ஃபோர்டு டைகாஸ்ட் நிறுவனம் இரண்டு அளவுகளிலும் தயாரிக்கிறது. பொருள் எண்ணின் தொடக்கத்தில் 76 அல்லது 87 என்று இருக்கும். வாங்கும்முன் அதைப் பாருங்கள். அதன் 76 வரிசையில் பெரும்பாலானவை பிரிட்டிஷ் வண்டிகள் என்பதால், மேற்கு வர்ஜீனியாவில் அவற்றுக்கு வேலையும் இல்லை.

உண்மையான போட்டி ஆக்ஸ்ஃபோர்டின் 1:87 வரிசைக்கும் கிளாசிக் மெட்டல் வொர்க்ஸ் நிறுவனத்தின் மினி மெட்டல்ஸ் வரிசைக்கும் இடையில்தான். இரண்டும் உலோக வார்ப்பு, இரண்டும் பெட்டியிலிருந்து எடுத்து நேராக நிறுத்தக்கூடியவை.

ஆக்ஸ்ஃபோர்டின் அமெரிக்க வரிசையைப் பார்த்தால் ஆசை வரும்: 1936 பியூக் ஸ்பெஷல், 1946 டிசோட்டோ சபர்பன், 1949 மெர்குரி, 1950 ஓல்ட்ஸ்மொபைல் ராக்கெட் 88, 1952 ஹட்சன் ஹார்னெட், 1954 பான்டியாக், 1955 பியூக் செஞ்சுரி. இவையெல்லாம் நம் ஆண்டுக்குள் அடங்குபவை. குரோமியப் பட்டைகள், கிரில், சின்னங்கள் எல்லாம் என் கண்ணுக்கு இந்த விலையில் மிக நேர்த்தியாக அச்சாகியிருக்கின்றன. அதே வரிசையில் 1959 கார்வெட்டும் இருக்கிறது; அதைத் தொடாதீர்கள்.

ஆனால் அந்தப் பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். பியூக், டிசோட்டோ, மெர்குரி, ஓல்ட்ஸ்மொபைல், ஹட்சன்: எல்லாமே நடுத்தர விலைக்கும் அதற்கு மேலும் உள்ள கார்கள். அன்றைய அமெரிக்காவில் அதிகம் விற்றவை செவ்ரலே, ஃபோர்டு, பிளிமத் என்ற மலிவு விலைக் கார்கள். ஆக்ஸ்ஃபோர்டு கார்களை மட்டும் வாங்கி ஒரு தெருவை நிரப்பினால், ஒவ்வொரு வாகனமும் காலத்துக்குச் சரியாக இருக்கும். ஊர் மட்டும் தவறாகிவிடும். சுரங்கத் தொழிலாளர்களின் தெரு மருத்துவர்கள் மாநாட்டு வாகன நிறுத்தம்போல ஆகிவிடும்.

இங்கேதான் மினி மெட்டல்ஸ் முந்துகிறது. 1950 டாட்ஜ் மெடோபுரூக், 1953 ஃபோர்டு விக்டோரியா, 1953 ஃபோர்டு கூரியர் டெலிவரி வண்டி என்று அதன் தேர்வு அன்றாடத் தெருவை ஒட்டியது. மெடோபுரூக் எவரையும் திரும்பிப் பார்க்க வைக்காத நான்கு கதவு கார். அதுவே அதன் பெருமை. ஒரு மாதிரித் தெருவுக்குத் தேவைப்படுவது அப்படிப்பட்ட பத்து கார்களும் ஒரே ஒரு ராக்கெட் 88உம். ஒரே வார்ப்பை வெவ்வேறு நிறங்களில் திரும்பத் திரும்ப நிறுத்தத் தயங்க வேண்டாம். நிஜத் தெருவிலும் ஃபோர்டுகள் அப்படித்தான் நின்றன. வரிசையில் 1959 ஃபேர்லேனும் 1967 ஃபோர்டும் கலந்திருப்பதால், இங்கேயும் ஆண்டைப் பார்த்தே எடுக்க வேண்டும்.

மொத்தத்தில் என் கணக்கு இது: கார்களில் பெரும்பகுதி மினி மெட்டல்ஸ், நடுவே ஆக்ஸ்ஃபோர்டு மூன்று நான்கு. டிசோட்டோவும் 1936 பியூக்கும் தேய்ந்த நிறத்தில், ஆளில்லாத தெருவோரத்தில் நிற்கட்டும். பியூக் செஞ்சுரி ஒன்றே ஒன்று மட்டும் பளபளக்கட்டும்.

ஜெர்மன் பிளாஸ்டிக் வாகனங்கள் தனி உலகம். புஷ் நிறுவனத்தின் 1950 செவ்ரலே பிக்கப் நம் ஊருக்கு அத்தனை பொருத்தம். தானியக் கடை வாசலில் அது இல்லாத மலைப்பகுதித் தளத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதன் 1950 பியூக், 1952 கேடில்லாக் இரண்டும் ஆண்டுக்குச் சரி. ஆனால் அந்த நிறுவனத்தின் புகழ்பெற்ற அமெரிக்கக் கார்கள் 1957 பெல் ஏரும் 1959 எல்டொராடோவும்தான். பரிசாக வருபவையும் பெரும்பாலும் அவையே. அழகானவை, ஆனால் 1955க்கு உதவாதவை. விக்கிங், பிரெகினா, ஹெர்ப்பா ஆகியவை முக்கியமாக ஐரோப்பிய வண்டிகளுக்கானவை. பழைய விக்கிங் வார்ப்புகள் 1:90 அளவை ஒட்டி, சற்றுச் சிறியதாகவும் இருக்கும். அதையே காட்சியின் பின்வரிசையில் பயன்படுத்திக்கொள்ளலாம்: பின்னே போகப் போக வாகனம் சிறுத்தால் தெரு நீண்டு தோன்றும். மலைச்சரிவில் வெகு தொலைவில் தெரியும் சாலைக்கு ‘என்’ (N) எனப்படும் 1:160 அளவு வாகனமே பொருந்தும்.

கிட் வகைகளில், அதாவது பாகங்களை நாமே ஒட்டிச் சேர்ப்பவற்றில், இரண்டைச் சொல்ல வேண்டும். ஜோர்டன் ஹைவே மினியேச்சர்ஸ் வெளியிட்ட பிளாஸ்டிக் கிட்கள் ஃபோர்டின் மாடல் டி, மாடல் ஏ காலத்தவை. இவ்வளவு மெல்லிய சக்கரக் கம்பிகளை உலோக வார்ப்பில் எதிர்பார்க்க முடியாது. 1955இல் ஒரு மாடல் ஏ, பண்ணைக் கொட்டகைக்குப் பின்னால் புல் முளைத்துக் கிடக்கலாம். ஒரு கிழவர் அதை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கலாம். பழைய சரக்கு விற்பவர்களிடம் தேடுங்கள். கனடாவின் சில்வன் ஸ்கேல் மாடல்ஸ் ரெசின் கிட்களில் வேறெங்கும் கிடைக்காத லாரிகள் உண்டு. பாகங்களைச் சோப்பு நீரில் கழுவி, சைனோ பசையில் ஒட்டி, வண்ணம் பூசி முடிக்கப் பொறுமை வேண்டும். தெரு முழுக்க அப்படிச் செய்ய முடியாது. முன்வரிசையில் கண் நிற்கும் இடத்துக்கு ஒன்று செய்தால் அந்த உழைப்பு வீண்போகாது.

முப்பரிமாண அச்சு பற்றிப் பலரும் பெரிய நம்பிக்கையோடு பேசுகிறார்கள். கோப்பில் எண்ணை மாற்றினால் எந்த அளவும் கிடைக்கும் என்பது உண்மை. 1:43க்கு வரைந்ததை 1:87க்குச் சுருக்கினால், ஜன்னல் தூண்களும் பம்பரும் பாதித் தடிமனாகி, தொட்டால் முறியும் என்பதும் உண்மை. இந்த அளவுக்கென்றே வரையப்பட்ட கோப்பு கிடைத்தால் அச்சிடுங்கள். சந்தையில் கிடைக்காத அந்த மலிவு விலை பிளிமத்துக்கு இதுவே நல்ல வழி.

லாரிகளுக்கு வருவோம். ரயில் தளத்தில் கார்களைவிட இவற்றுக்கே வேலை அதிகம். சரக்குக் கொட்டகையில் ரயிலோடு கைகோத்து நிற்பவை இவைதான். இங்கே மினி மெட்டல்ஸ் தெளிவாக முதலிடம். 1941–46 செவ்ரலே, 1954 ஃபோர்டு எஃப்-350, இன்டர்நேஷனல் ஆர்-190, ஒயிட் டபிள்யூசி-22 இழுவண்டியும் அதற்கான 32 அடி டிரெய்லரும் என்று காலத்தோடு ஒட்டிய தேர்வு வேறெங்கும் இப்படி இல்லை. ரயில்வே எக்ஸ்பிரஸ் ஏஜென்சியின் கரும்பச்சை நிறத்தில் ஒரு வண்டி கட்டாயம் வேண்டும். பயணிகள் நிலையத்தின் பார்சல் வேலை பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் கையில் இருந்தது. ஏத்தர்ன் வெளியிட்ட மேக் பி வகையும் சரி, ஏனெனில் நிஜ பி வகை 1953இல் வந்தது. கனமான, கரடுமுரடான அந்த முகம் நிலக்கரி நாட்டுக்கு இயல்பாகப் பொருந்தும்.

டிரெய்லரின் நீளத்தையும் அளந்து பாருங்கள். ஹெச்ஓவில் ஓர் அடி 3.5 மில்லிமீட்டர். 32 அடி டிரெய்லர் 112 மில்லிமீட்டர் இருக்கும். இன்றைய 53 அடி டிரெய்லர் 185ஐத் தாண்டும். நீராவி எஞ்சினுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு நீளப்பெட்டி நின்றால் மற்ற எல்லாக் கவனமும் வீணாகிவிடும்.

பேருந்து ஒன்று போதும். கிரேஹவுண்டின் சீனிக்ரூசர் 1954இல் ஓடத் தொடங்கியது, ஆண்டுக்குச் சரி. ஆனால் அது நெடுந்தூர நெடுஞ்சாலைகளின் புதுப் பெருமை. மலைப்பாதைச் சிற்றூருக்கு ஐம்பதுகளின் தொடக்கத்துக்குரிய ஜிஎம் பிடி-4103 வகையே இயல்பானது. மினி மெட்டல்ஸ் அதையும் வெளியிட்டிருக்கிறது.

எதை வாங்கினாலும் பெட்டியிலிருந்து எடுத்தபடியே நிறுத்த வேண்டாம். மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஒரு மெல்லிய பூச்சு, சக்கரங்களுக்குக் கருப்பைவிட அடர் சாம்பல், அடிப்பகுதிக்கு மண் தூசி. நாற்பதுகளின் கார்களுக்குக் கருப்பு, கரும்பச்சை, அடர் சிவப்பு, சாம்பல் போன்ற ஒற்றை நிறங்களைத் தேர்ந்தெடுங்கள். பளிச்சிடும் இரட்டை நிறங்களை 1954–55 மாடல்களுக்கு விட்டுவையுங்கள். சந்தேகம் வந்தால் புகைப்படக் கலைஞர் ஓ. வின்ஸ்டன் லிங்க் 1955 முதல் 1960 வரை இதே ரயில்வேயில் எடுத்த புகைப்படங்களைப் பாருங்கள். எஞ்சினை விட்டுவிட்டு ஓரத்தில் நிற்கும் கார்களை மட்டும் கவனியுங்கள்.

கார்களைச் சரிசெய்த கையோடு தெருமுனை ஸ்டாப் பலகையையும் பார்த்துவிடுங்கள். அமெரிக்கத் தர விதிகள் அதைச் சிவப்பாக்கியது 1954இல்தான். 1955 கோடையில் அந்தச் சிற்றூரில் மஞ்சள் பலகையே இன்னும் நின்றிருக்கலாம். கடைகளில் விற்கும் பலகைத் தொகுப்புகளில் பெரும்பாலும் சிவப்புதான் இருக்கும். மஞ்சள் வண்ணமும் மெல்லிய கருப்புப் பேனாவும் எடுத்து அதை நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.