முதல் கார்: புது ஆல்ட்டோ கே10-ஆ, பழைய ஸ்விஃப்ட்டா?

லைசென்ஸ் வந்ததும் பசங்க இங்கதான் மாட்டுறாங்க, கையில இருக்குற பட்ஜெட்ல புது ஆல்ட்டோ கே10 எடுக்கலாமா, இல்ல நாலஞ்சு வருஷம் ஓடுன ஸ்விஃப்ட் பெட்ரோலே பாத்துக்கலாமான்னு.

காசு
ஆல்ட்டோ: லோன் வட்டி கம்மி, ஆனா ரோடு டாக்ஸ், 3 வருஷ தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ்னு ஆரம்பத்துலயே மொத்தமா இழுக்கும்.
ஸ்விஃப்ட்: டாக்ஸ் பழைய ஓனரே கட்டியிருப்பாரு, லோன் போட்டா வட்டி ஜாஸ்தி. அவரோட நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் பண்ணாம இருந்ததுக்கு இன்சூரன்ஸ்ல கிடைக்குற தள்ளுபடி) உங்களுக்கு வராது, அதை நம்பி கணக்கு போடாதீங்க.

ஓட்டுறது
ஆல்ட்டோ: மூணரை மீட்டர் நீளம்தான், சந்துல திருப்ப, பார்க் பண்ண ஈஸி. 1 லிட்டர், 3 சிலிண்டர், ஹைவேல ஓவர்டேக் பண்ண கொஞ்சம் மூச்சு வாங்கும்.
ஸ்விஃப்ட்: 1.2 லிட்டர், 4 சிலிண்டர், ஸ்மூத்து. ரிவர்ஸ்லதான் பின்னாடி சரியா தெரியாது, புதுசா ஓட்டுறவங்களுக்கு இது பெரிய தலைவலி.

ரிஸ்க்
ஆல்ட்டோவுக்கு வாரண்டி இருக்கு, அவ்ளோதான் மேட்டர். ஸ்விஃப்ட்டுக்குதான் வேலையே, காலைல இன்ஜின் சூடாகுறதுக்கு முன்னாடி போய் ஸ்டார்ட் பண்ணி பாருங்க, சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் இழுத்து பாருங்க, பெல்ட்டோட அடியில சேத்துக்கறை இருந்தா வெள்ளத்துல நின்ன வண்டியா இருக்கலாம் (சென்னை வண்டின்னா கண்டிப்பா பாக்கணும்). ஆர்சில (வண்டியோட ரிஜிஸ்ட்ரேஷன் சர்டிபிகேட்) பேங்க் பேரு இருந்தா வண்டி மேல லோன் இருக்குன்னு அர்த்தம், லோன் முடிஞ்சதுன்னு பேங்க் குடுக்குற என்ஓசி கைக்கு வராம அட்வான்ஸ் கூட குடுக்காதீங்க.

ஊருக்குள்ள ஆபீஸ் போய்ட்டு வர்றதுக்குன்னா ஆல்ட்டோ. மாசாமாசம் ஊருக்கு ஹைவேல போறீங்க, கூட நம்பிக்கையான மெக்கானிக்கும் இருக்காருன்னா ஸ்விஃப்ட். மெக்கானிக் இல்லையா, ஆல்ட்டோவே எடுங்க.