பிரசன்ன விதானகே கம்பஸுக்கு வருமுன் எந்தப் படம்?

வவுனியாவின் பம்பைமடுவிலோ கிளிநொச்சியின் அறிவியல்நகரிலோ படிக்கிற பிள்ளைகள் ஒரு சினிமா இயக்குநரைக் கம்பஸுக்கு அழைக்க நினைத்தால், நான் முதலில் சொல்லும் பெயர் சிங்கள இயக்குநர் பிரசன்ன விதானகே. ஆனால் மண்டபத்தில் இருப்பவர்கள் அவருடைய ஒரு படத்தையாவது முழுதாகப் பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் "சினிமாவில ஆர்வம் எப்படி வந்தது சேர்?" என்ற கேள்வியோடு பின்னேரம் முடிந்துவிடும். விரிவுரை, அசைன்மென்ட், சோதனை என்று ஓடுகிற பிள்ளைகளை ஒரு படத்துக்குத்தான் ஒன்றாகக் கூட்ட முடியும். அது எந்தப் படம் என்பதில்தான் கருத்து வேறுபாடு வரும்.

பலர் ‘பரடைஸ்’ (2023) படத்தைத்தான் கேட்பார்கள். மணிரத்னத்தின் மெட்ராஸ் டாக்கீஸ் வழங்கியது. ரோஷன் மேத்யூவும் தர்ஷனா ராஜேந்திரனும் நடித்தது. பூசான் விழாவில் கிம் ஜிசோக் விருது பெற்றது. 2022 இலங்கைப் பொருளாதார நெருக்கடி நேரத்தில் மலையகத்துக்கு இராமாயணச் சுற்றுலா வரும் மலையாளத் தம்பதியின் பொருட்கள் களவுபோக, பொலிஸ் தோட்டத்துத் தமிழரைப் பிடித்து அடிக்கிறது. பெற்றோல் வரிசையில் நின்றவர்களுக்கு அந்தக் காலத்தை விளக்கத் தேவையில்லை. பல மொழிகள் கலந்த படம் என்பதால் வேறுவேறு மொழி பேசும் மாணவர்களுக்கும் எட்டும். மனைவியின் பார்வை கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதை விதானகே காட்டுகிற விதம் மிகவும் நுட்பமானது. இவ்வளவு இருந்தும் இதை முதற்படமாக வைக்க எனக்கு மனமில்லை. நம் கோபம் முழுவதும் அந்தக் கணவன்மேலும் பொலிஸ்மேலும் போய்விடுகிறது. பார்க்கிற நாம் எந்தக் கேள்வியும் நம்மைத் தொடாமல் எழுந்து வந்துவிடலாம்.

‘ஒப நத்துவா ஒப எக்கா’ (2012) தஸ்தயேவ்ஸ்கியின் குறுநாவலைத் தழுவியது. மலையகத்தில் அடகுக்கடை வைத்திருக்கும் சிங்களவரைச் செல்வி என்ற தமிழ்ப் பெண் மணக்கிறாள். அவர் இராணுவத்தில் இருந்தவர் என்பது பிறகுதான் அவளுக்குத் தெரிகிறது. அஞ்சலி பாட்டீலுக்குக் கோவா விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது, அது தகும். 2014இல் சென்னையில் இதன் திரையிடல் எதிர்ப்பால் நின்றது. பார்க்காமலே எதிர்க்கக்கூடிய படம் அல்ல இது. ஆனால் கதை பெரும்பாலும் அந்த ஆணின் குற்றவுணர்வோடுதான் நகர்கிறது. செல்வியின் மௌனத்துக்குள் என்ன இருக்கிறது என்று வன்னியில் இருக்கிற எங்களுக்குத் தெரியும். படம் அதற்குள் போதுமான அளவு போகவில்லை என்பது என் எண்ணம். இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் சிறு குழுவாகப் பார்த்து விவாதிக்க நல்லது.

என் தெரிவு ‘புரஹந்த களுவர’ (1997). கண் தெரியாத முதியவர் ஒருவரின் வீட்டுக்கு, இராணுவத்தில் இருந்த மகனின் உடல் என்று முத்திரையிட்ட பெட்டி ஒன்று வருகிறது. அவர் நம்பவில்லை. நட்டஈட்டுப் படிவத்தில் ஒப்பமிட்டால் பணம் வரும், வீட்டில் பணமுடை வேறு. அவர் ஒப்பமிட மாட்டேன் என்கிறார். ஜோ அபேவிக்ரம அந்த மறுப்பைக் குரலை உயர்த்தாமல், நடையாலும் முகத்தாலும் நடித்திருக்கிறார். 2000இல் அரசு படத்தைத் தடுத்தது. விதானகே உயர் நீதிமன்றம் போய் 2001இல் வென்றார்.

"ஆமிக்காரன்ர தகப்பன்ர கதையை நாங்கள் ஏன் பார்க்கவேணும்?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு வீதியோரம் குந்திய அம்மாக்கள் சொன்னதை நினைத்துப் பாருங்கள்: மரணச் சான்றிதழ் வேண்டாம், நட்டஈடு வேண்டாம், பிள்ளை எங்கே என்று சொல்லுங்கள். அவர்கள் இதைச் சொல்வதற்கு இருபது ஆண்டுக்கு முன்பே ஒரு சிங்களக் கிராமத்துத் தகப்பன் திரையில் அதே மறுப்பில் நிற்கிறார். இரண்டும் ஒன்றல்ல. அவருக்கு அரசு ஒரு பெட்டியாவது அனுப்பியது. எங்கள் அம்மாக்களுக்கு அதுவும் இல்லை. இந்த ஒற்றுமையையும் வேறுபாட்டையும் பற்றி இயக்குநரிடம் நேரே கேட்கக் கொழும்பு மாணவர்களைவிட வன்னி மாணவர்களுக்கே அதிகம் இருக்கிறது.

நடைமுறையிலும் இதுதான் சுகம். நீளம் குறைவு, உரையாடலும் குறைவு. சிங்களம் தெரியாத பிள்ளைகளும் முகங்களை வைத்தே பெரும்பகுதியைப் பின்தொடரலாம். தொடங்குமுன் சிங்கள பச்மேட் ஒருவர் கதைச் சூழலைப் பத்து நிமிடம் சொன்னால் போதும். படத்தில் வரும் வறண்ட குளமும் புழுதியும் இங்கே யாருக்கும் புதிதல்ல.

இன்னொரு மாலை கிடைத்தாலும் நான் ‘பரடைஸ்’ பக்கம் போகமாட்டேன். ‘இர மதியம’ (2003) போடச் சொல்வேன். அதில் மூன்று கதைகள். ஒன்று, வடக்கிலிருந்து விரட்டப்படும் முஸ்லிம் குடும்பத்துச் சிறுவனும் அவன் விட்டுப் பிரிய மறுக்கும் நாயும். 1990 ஒக்டோபரில் மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். நம்முடைய கூட்டங்களில் அதைப் பற்றிய பேச்சு இன்னும் மிகக் குறைவு. மற்ற இரண்டு கதைகள் எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. ஆனாலும் முழுப்படத்தையும் போடுங்கள். கேள்வி நேரத்தில் முதல் கேள்வியை ஒரு முஸ்லிம் மாணவர் கேட்க விரும்பினால் மைக்கை அவரிடம் கொடுங்கள்.