பீவர் ஆய்வு குறித்த ஆறு வார இணையவழிப் பாடம்: பாலக்கோட்டிலிருந்து ஒரு மதிப்புரை

பாலக்கோடு வட்டத்தில் ஓடைகளுக்குக் குறுக்கே தடுப்பணை கட்டும் பணியில் பல ஆண்டுகளாக இருப்பவன் நான். மழை பெய்த இரண்டே நாளில் மேட்டுக்காட்டு மண்ணையும் அரித்துக்கொண்டு வெள்ளம் முழுவதும் சின்னாற்றில் இறங்கிவிடுவதையும், கோடை தொடங்கும் முன்பே தக்காளித் தோட்டத்துக் கிணறுகள் அடிகாண்பதையும் பார்த்து மனம் கனத்தவன். ஓடை நீரைத் தானே தேக்கிவைக்கும் ஒரு விலங்கைப் பற்றி வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று பாடம் நடத்துகிறது என்று அறிந்ததும் 1,800 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். அந்தப் பணம் வீணாகவில்லை.

பீவர் என்பது மரப்பட்டையும் இலைதழையும் தின்னும் பெரிய கொறிவிலங்கு. வட அமெரிக்காவில் ஓரினமும் ஐரோப்பா, ஆசியாவில் ஓரினமுமாக இரண்டே இனங்கள் எஞ்சியுள்ளன. இந்த அறிமுகத்துக்கே முதல் வாரம் முழுவதும் செலவாகிறது, பாதியாகச் சுருக்கியிருக்கலாம்.

பாடத்தின் உயிர் மூன்றாம் வாரத்தில் இருக்கிறது. இங்கிலாந்தின் டெவன் பகுதியில், வேலியிட்ட சிறு நிலத்தில் 2011-இல் விடப்பட்ட ஒரே ஒரு பீவர் குடும்பம் 13 குட்டைகளை உருவாக்கியது. எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தினர் அவற்றை அளந்தபோது 100 டன்னுக்கும் மேற்பட்ட வண்டல் தேங்கியிருந்தது; அதில் ஏறத்தாழ 70 விழுக்காடு, மேலே உள்ள விவசாய நிலங்களிலிருந்து அரித்து வந்த மண். பீவர் கட்டும் அணை கிளையும் சேறும் கல்லும் கலந்தது, கசிந்துகொண்டே இருப்பது. ஓர் அணையில் தப்பிய நீரை அடுத்தது பிடித்துக்கொள்ள, வெள்ளத்தின் வேகம் படிப்படியாகத் தணிந்து, நீர் பக்கவாட்டில் பரவி நிலத்தில் இறங்குகிறது. ஒரே இடத்தில் உயரமான கான்கிரீட் சுவர் எழுப்பி, மூன்றே ஆண்டுகளில் அது தூர்ந்துபோவதைக் கண்ட எனக்கு இந்தப் பகுதியை இரண்டு முறை கேட்டும் போதவில்லை.

உடல்நலம் குறித்த நான்காம் வாரத்தை அலுப்பாக இருக்கும் என்று நினைத்துத் திறந்தேன், அவ்வாறு இல்லை. நரியின் குடலில் வாழும் எக்கினோகாக்கஸ் மல்டிலாக்குலாரிஸ் என்ற நாடாப்புழுவின் இளம்பருவம் பீவரின் கல்லீரலில் தங்கக்கூடியது. அதன் முட்டை மனிதருக்குள் போனால் கடுமையான கல்லீரல் நோய் உண்டாகும். பிரிட்டனில் இப்புழு பரவியிருக்கவில்லை என்பதால், டெவனின் ஆட்டர் ஆற்றில் வாழ்ந்த பீவர்களைப் பிடித்துப் பரிசோதித்து, தொற்றில்லை என்று உறுதியான பிறகே 2015-இல் மீண்டும் ஆற்றில் விட்டனர். ஆற்றின் நலத்தையும் விலங்கின் நலத்தையும் மனிதரின் நலத்தையும் ஒன்றாகவே எண்ணிப் பார்த்த அந்தப் பொறுமை என்னை நெகிழ வைத்தது.

பீவரால் விளையும் தீமையையும் இவர்கள் மறைக்கவில்லை. உரோமத் தொழிலுக்காக 1946-இல் கனடாவிலிருந்து அர்ஜென்டினாவின் தெற்கு முனையான டியேரா டெல் ஃபுவேகோவுக்குக் கொண்டுபோகப்பட்ட 20 பீவர்கள் பல்லாயிரமாகப் பெருகி, அத்தீவின் ஆற்றங்கரைக் காடுகளை அழித்துவிட்டன. பீவரின் தாயகத்தில் அதனுடன் சேர்ந்தே பரிணமித்த வில்லோ மரம் வெட்டினால் மறுபடி துளிர்க்கும். அங்குள்ள தெற்கத்திய மரங்களோ வெட்டுப்பட்டாலும் நீர் சூழ்ந்தாலும் பட்டுப்போய்விடுகின்றன. எனவே நம் ஓடைகளுக்குப் பீவர் வேண்டாம். அதன் கட்டுமுறையிலிருந்து கற்றுக்கொண்டால் போதும். வறண்ட பருவத்தில் முற்றிலும் காய்ந்துபோகும் நம்முடையதைப் போன்ற ஓடைகளைப் பற்றி ஒரு வகுப்பாவது சேர்த்திருக்க வேண்டும் என்பது என் குறை.

அதைவிடப் பெரிய குறை தமிழ் வசனவரிகள். பீவர் என்று வரும் இடமெல்லாம் 'நீர்நாய்' என்று போட்டிருக்கிறார்கள். நீர்நாய் ஒகேனக்கல் பரிசல்காரர்கள் நன்கறிந்த விலங்கு. மீன் தின்பது, அணை கட்டாதது. போதாததற்கு, ஆட்டர் என்ற ஆற்றின் பெயருக்கே ஆங்கிலத்தில் நீர்நாய் என்றுதான் பொருள் என்பதால், அந்த வகுப்பில் எது ஆறு, எது விலங்கு என்று பிரித்தறியவே முடியவில்லை. என்னுடன் சேர்ந்து பார்த்த காரிமங்கலத்து விவசாயி ஒருவர், காவிரியிலுள்ள நீர்நாய்கள் ஏன் இங்கு அணை கட்டுவதில்லை என்று உண்மையாகவே கேட்டார். நடத்துபவர்களுக்கு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை. திருத்தும் வரை, ஆங்கிலம் ஓரளவு தெரிந்தவர்கள் ஆங்கில வரிகளையே வைத்துக்கொள்ளுங்கள். தெரியாதவர்கள் அருகில் ஒருவரை உட்காரவைத்து, மூன்றாம், நான்காம் வாரங்களை மட்டுமாவது கேளுங்கள்.